நாயனம் எங்கே போயிற்று?

மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, திருவொற்றியூர் தியாகராஜ ஸ்வாமி கோயில் பிரம்மோத்ஸவத்துக்கு என் தகப்பனாரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். தேரடியில் நல்ல கும்பல். ஒரு பக்கம் விளக்கு வண்டிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மற்றொரு பக்கம் நெடுஞ்சாலையில் லாரிகள். பலூன்காரர், சுண்டல்காரர், கைக்குழந்தைகள் எல்லோரும் தத்தம் பங்கைச் செலுத்தினார்கள். இத்தனைக்கும் நடுவே மல்லாரி எழுந்தது. தவுல்கள் அதிர்ந்தன. அந்த அதிர்ச்சிக்கும் லாரி முழக்கத்துக்கும் மேலே நாயனத்தின் நாதம் நூல் பிடித்தாற்போல் நேராக வந்து என் காதில் விழுந்தது.

என் தகப்பனார் சிறிது நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தவுல் ஜோரா கேட்குது. நாயனம் எங்கேப்பா போச்சு? வாசிக்கிறவர் இன்னும் வரலியா?" என்றார்.

நாயனக்காரர் எங்களுக்கு முன்னால் முப்பது அடி தூரத்தில் கன்னம் புடைக்க வாசித்துக்கொண்டிருந்தார்!

என் தகப்பனாரைச் செவிடர் என்று யாரும் சொல்ல முடியாது. இரவில் துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஊதினால், "பெரிய கப்பல் ஒண்ணு வருது" என்று படுக்கையில் இருந்தபடியே சொல்வார். தவுல் கேட்கிறது, லாரி கேட்கிறது, கப்பல் கேட்கிறது. நாயனம் மாத்திரம் கேட்கவில்லை என்றால் இது என்ன விந்தை?

பள்ளிக்கூடத்தில் பெளதிகம் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்ப்பவன் நான். ஆகவே இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. யோசித்துப் பார்க்கையில் கேள்வி ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. அவ்வளவு இரைச்சலையும் தாண்டி நாயனம் என் காதுக்கு எப்படி வந்தது? என் தகப்பனார் காதுக்கு ஏன் வரவில்லை? இரண்டுக்கும் விடை ஒன்றே என்பதுதான் பின்னால் நான் கண்டறிந்த ஆச்சரியம்.

நாதத்தின் நிறம்

நாயனம் பலமாக ஒலிப்பதால் கேட்கிறது என்று பலர் நினைக்கலாம். பலமான வாத்தியந்தான்; சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனிதருடைய மூச்சின் பலத்தை லாரி எஞ்சினோடு ஒப்பிட முடியுமா? மேனாட்டில் எண்பது, நூறு வாத்தியங்கள் சேர்ந்து முழங்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் ஒரே ஒரு பாடகர், ஒலிபெருக்கி இல்லாமல் நின்று பாடுகிறார். கடைசி வரிசைக்குக் கேட்கிறது. பலத்தைப் பலத்தோடு மோத விட்டால் அவர் ஒரு நிமிஷம் தாங்கமாட்டார். ரகசியம் வேறு எங்கோ இருக்கிறது.

அது நாதத்தின் நிறத்தில் இருக்கிறது. வீணையிலும் பிடிலிலும் நாயனத்திலும் ஒரே ஸட்ஜத்தை ஒரே அளவு பலத்தோடு எழுப்புங்கள். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் குழந்தைகூட இது வீணை, இது பிடில் என்று சொல்லிவிடும். காரணம், ஒரு ஸ்வரம் எப்போதும் தனியாக வருவதில்லை. வினாடிக்கு 300 அதிர்வுள்ள ஸ்வரத்தை ஊதினால், அதோடு 600, 900, 1200 என்று மேற்சுரங்களும் பரிவாரமாகக் கூடவே கிளம்புகின்றன. பரிவாரத்தில் யார் பலசாலி, யார் நோஞ்சான் என்பதைப் பொறுத்து நாதத்தின் நிறம் மாறுகிறது. இதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1863-ல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார்.

நம்மவர்கள் இதைச் சூத்திரமாக எழுதி வைக்காவிட்டாலும் கையால் செய்து காட்டியிருக்கிறார்கள். தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு துண்டு நூலை வைத்து நகர்த்தி நகர்த்தி ஜீவா சேர்க்கிறோம் அல்லவா? நூல் சரியான இடத்துக்கு வந்ததும் செத்த தந்தி உயிர் பெற்று ரீங்காரம் செய்கிறது. சென்னை பிரஸிடென்ஸி காலேஜில் படித்த ஸர் சி. வி. ராமன் இந்தத் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து 1921-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் பிறக்கவே கூடாது என்பது பழைய விதி. நம்முடைய வளைந்த குதிரை அந்த விதியைப் புறக்கணித்து அவற்றையும் பிறப்பிக்கிறது என்று அவர் காட்டினார். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருஞ்சோறு தோலின் தாறுமாறான அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, இசைவான மேற்சுரங்களைத் தரவைக்கிறது என்பதும் அவர் 1920-லும் 1934-லும் விளக்கிய விஷயம்.

திருவொற்றியூர்வாசிகளுக்கு இதில் தனிப் பெருமை உண்டு. தியாகராஜ ஸ்வாமிகளின் சிஷ்யரான வீணை குப்பய்யர் இவ்வூர்க்காரர். அவர் பொருட்டு ஸ்வாமிகள் இங்கே வந்து, திரிபுரசுந்தரி அம்மன் மீது ஐந்து கீர்த்தனங்கள் பாடியருளினார். அந்த வீட்டில் ஒலித்த வீணையின் பித்தளைக் குதிரையிலும் பிற்காலத்தில் ராமன் எழுதிய பெளதிகம் மெளனமாக இருந்தது என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

மேல் பலகை

இனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வருவோம். 1970-ஆம் ஆண்டுகளில் ஸ்வீடன் தேசத்து ஜோஹன் சுந்த்பெர்க் என்ற விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். ஆர்க்கெஸ்ட்ரா முழங்கும்போது எந்தெந்த அதிர்வில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று கணக்கிட்டார். வினாடிக்கு 500 அதிர்வுக்கு அருகில் சக்தி மலைபோல் குவிந்திருந்தது. அதற்கு மேலே போகப்போகச் சரிந்துகொண்டே வந்தது. 3000 அதிர்வுக்கு வரும்போது சுமார் 20 டெஸிபல் தணிந்துவிட்டது. அதாவது சக்தியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் அங்கே மிச்சம்.

பிறகு, பயிற்சி பெற்ற ஆண் பாடகர்களின் குரலை அதே மாதிரி அளந்தார். அந்த 3000 அதிர்வுக்குப் பக்கத்தில், ஆர்க்கெஸ்ட்ரா காலியாக விட்ட அதே இடத்தில், அவர்கள் குரலில் ஒரு சிகரம் எழுந்து நின்றது! குரல்வளையைச் சற்றே கீழே இறக்கி, அதற்கு மேலுள்ள தொண்டையை அகலமாக்கினால், குரல்வளைக்கு வாய்போல் இருக்கும் சிறு குழல் தனியாக ஒத்ததிர ஆரம்பிக்கிறது. அதனால் கிடைக்கும் சிகரம் அது. பாடகர் அதிகமாகக் கத்தவில்லை. இருக்கிற சக்தியை இடமறிந்து வைக்கிறார்; அவ்வளவுதான்.

இதை மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் ரயில் வண்டியைத் துணைக்கு அழைத்தேன். தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்ட ராயபுரத்துப் பிள்ளைகளுக்கு அது புரியாமல் போகுமா? பண்டிகைக் காலத்து வண்டியில் கீழே உட்கார இடமில்லை. ஒருவர் மடியில் ஒருவர். சமர்த்தன் ஒருவன் உள்ளே நுழைகிறான். முண்டியடிக்கவில்லை. அண்ணாந்து பார்க்கிறான். மூட்டை வைக்கும் மேல் பலகை காலியாக இருக்கிறது. தாவி ஏறிக் காலை நீட்டிக்கொள்கிறான்! ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறவரும், தேரடியில் ஊதுகிறவரும் அந்தச் சமர்த்தர்கள்தாம்.

தேரடியில் லாரி, ஜெனரேட்டர், தவுல் எல்லாம் பெரும்பாலும் கீழ்ப் பலகைக்காரர்கள். நாயனமோ மேல் பலகைக்காகவே கடைந்தெடுத்த வாத்தியம். நாணல் தட்டையால் செய்த சீவாளி உதடுகளுக்கிடையில் படபடவென்று திறந்து மூடி, மேற்சுரங்களை வாரி இறைக்கிறது. ஆச்சா மரத்துக் குழல் மேலே குறுகிக் கீழே விரிவதால், அவற்றில் ஒன்றையும் விட்டுவிடாமல் ஏந்திக்கொள்கிறது. அடியிலுள்ள அணசு, உயர்ந்த மேற்சுரங்களை முன்பக்கமாக அனுப்பி வைக்கிறது. கமகத்தின் அசைவு வேறு இருக்கிறது. பரிவாரம் முழுவதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்போது, இது ஒரே கோஷ்டி என்று காது கண்டுபிடித்து இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்துக்கொள்கிறது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்கள் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியாரைக் கொண்டு நீண்ட பாரி நாயனத்தைச் செய்வித்தபோது, பழைய திமிரி நாயனத்தைக் காட்டிலும் சுருதி இறங்கியது. ஆனாலும் கூட்டத்தைக் கடந்து கேட்கும் குணம் போய்விடவில்லை. ஏனென்றால் அந்தக் குணம் சுருதியை மாத்திரம் நம்பியிருக்கவில்லை, நிறத்தையும் நம்பியிருந்தது. அந்த நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒலிபெருக்கியின் தயவின்றிக் கொட்டகையின் கடைசி வரிசையைக் கட்டியாண்டார்கள். அவர்கள் உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது, ஆதார ஸ்வரமே ஹார்மோனியத்தின் நெரிசலைத் தாண்டி மேலே போய் உட்கார்ந்துவிடும். அது மேல் பலகைக்கு மற்றொரு வழி. அவ்வளவு தூரம் போவானேன்? விடியற்காலையில் காசிமேட்டு மீன் ஏலத்தில் போய் நின்று கேளுங்கள். விசைப்படகுகளின் இரைச்சலுக்கு நடுவே விலை கூறுகிறவரின் குரல் மூக்கோடு உரசிக் கூர்மையாக வருகிறது. அவருக்கு எந்த சங்கீத வித்வானும் சொல்லித்தரவில்லை, வயிறு சொல்லித்தந்தது.

"அப்படியானால் கப்பல் ஏன் அடித்தொண்டையில் ஊதுகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலின் ஊதுகுழல் 70-க்கும் 200-க்கும் இடைப்பட்ட அதிர்வில் ஒலிக்க வேண்டும் என்றும், 75 மீட்டருக்கு உட்பட்ட சிறு கலங்கள் 250 முதல் 700 வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் சர்வதேசக் கடல் விதி சொல்கிறது. நெடுந்தூரம் போகும்போது உயர்ந்த ஒலிகளைக் காற்று உறிஞ்சிவிடுகிறது. தாழ்ந்த ஒலியோ தடைகளை வளைத்துக்கொண்டு மைல் கணக்கில் போகிறது. தூரத்தை வெல்வது ஒரு வித்தை. கும்பலை வெல்வது வேறு வித்தை. என் தகப்பனாருக்குக் கப்பல் கேட்டு நாயனம் கேட்காததன் பாதி ரகசியம் இங்கே வெளிப்பட்டது.

இரண்டரை சென்டிமீட்டர் குழல்

மற்றப் பாதி ரகசியம் நம் காதிலேயே இருக்கிறது. காதுத் துவாரத்திலிருந்து செவிப்பறை வரையில் உள்ள வழி ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழல். ஒரு முனை மூடிய குழலில் எந்த ஒலி ஒத்ததிரும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுவிடலாம். விடை 3000-க்கும் 3500-க்கும் இடையில் வரும். ஆகவே மேல் பலகையில் ஏறிவரும் ஒலியை நம் காதும் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறது. நாயனம் பாதி வழி வந்தால் காது மீதி வழி போய் எதிர்கொண்டு அழைக்கிறது.

ஆனால் வாசலில் நிற்கும் அந்தக் குழலுக்கு நண்பன், பகைவன் என்ற பேதம் தெரியாது. இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும் ஓசையில் எல்லா அதிர்வுகளும் கலந்திருக்கின்றன. அவற்றில் 3000-க்கு அருகில் உள்ளவற்றை அதே குழல் அதே உற்சாகத்தோடு பெரிதாக்கி உள்ளே அனுப்புகிறது. உட்காதில் சுருண்டிருக்கும் நத்தைக்கூட்டில், ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வோர் இடமாக நுண்மயிர்கொண்ட அணுக்கள் வரிசையாக இருக்கின்றன. அளவுக்கு மிஞ்சிய ஒலி, தன் இடத்துக்கு அரை ஸ்தாயி மேலே உள்ள அணுக்களை அதிகமாகச் சேதப்படுத்தும் என்று கண்டிருக்கிறார்கள். 3000-க்கு அரை ஸ்தாயி மேலே என்றால் சுமார் 4000. ஆகையால், இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் செவித்திறன் முதன்முதலில் 4000-ஐச் சுற்றித்தான் பள்ளம் விழுகிறது. அந்த அணுக்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

என் தகப்பனார் இந்த வட்டாரத்தில் இரும்புத் தகடு தட்டும் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவர்.

உத்ஸவம் முடிந்த மறுவாரம் அவரை ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். செவி சோதிக்கும் பெண்மணி அவரைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு சுருதியாக ஒலிக்கச் செய்து, ஒரு படம் வரைந்தார். 1000 அதிர்வு வரையில் கோடு ஏறக்குறைய நேராகப் போயிற்று. 2000-ல் இறங்கிற்று. 4000-ல் கிணறுபோல் விழுந்தது. அப்பால் கொஞ்சம் மேலேறி நின்றது. படத்தைப் பார்த்த அந்த அம்மாள் என் தகப்பனாரின் வயதைக் கேட்கவில்லை. "ஐயா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்றுதான் கேட்டார்.

ஜீவனத்துக்காக முப்பத்தொரு வருஷம் சம்மட்டி பிடித்தவரிடமிருந்து அந்தச் சம்மட்டி எதை எடுத்துக்கொண்டது என்பது ஒரு காகிதத்தில் கோடாகத் தெரிந்தது. சரியாக மேல் பலகையை எடுத்துக்கொண்டது!

வல்லினம் மெல்லினமான கதை

நாயனம் போனால் போகிறது, ஜனங்கள் பேசுவது கேட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் பேச்சில் உயிரெழுத்துக்களின் பலம் பெரும்பாலும் கீழ்ப் பலகையில் இருக்கிறது. க, ச, ட, த, ப, ற என்ற வல்லெழுத்துக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் சிறு வெடிப்புகளும் உரசல்களுமோ மேலே இருக்கின்றன. அவை நொடிப்பொழுதில் தோன்றி மறைபவை, பலமும் குறைவு. இலக்கண ஆசிரியர்கள் இவற்றை வல்லினம் என்றார்கள். காதுக்கு இவைதான் மெல்லினம்!

என் பெண், "தாத்தா, கடைக்குப் போறேன்" என்றால் அவர், "என்ன கதை? சொல்லு" என்பார். வெகுநாள் வரையில் நாங்கள் இதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார். நாளடைவில் கூடத்தில் நான்கு பேர் பேசும்போது எழுந்து திண்ணைக்குப் போய்விடத் தொடங்கினார். அதை வயதான சுபாவம் என்று எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேட்காதவரிடம் நாம் கத்துகிறோம். கத்தும்போது உயிரெழுத்துத்தான் பெருக்கிறது. வல்லெழுத்து அந்த அளவுக்குப் பெருப்பதில்லை. ஆகவே சத்தம் அதிகமாகிறது, விஷயம் புரிவதில்லை. நமக்குக் கோபம், அவருக்கு அவமானம். இப்போது எங்கள் வீட்டில் கத்துவதை விட்டுவிட்டோம். எதிரே உட்கார்ந்து, முகத்தைக் காட்டி, நிதானமாகப் பேசுகிறோம். உதட்டைப் பார்த்துப் பாதி வல்லினத்தை அவர் மீட்டுக்கொள்கிறார். வகுப்பறையிலும் நான் இதையே கடைப்பிடிக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே லாரி போகும்போது அதோடு போட்டி போட்டுத் தொண்டையைக் கிழித்துக்கொள்ளாமல், ஜன்னலைச் சாத்திவிட்டு, முகத்தைக் கரும்பலகையிலிருந்து பிள்ளைகள் பக்கம் திருப்புகிறேன். இருபது வருஷம் தொண்டை கட்டிக்கொண்ட பிறகு வந்த ஞானோதயம்!

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெஸிபல் என்பது நிபுணர்கள் வகுத்த ஓர் எல்லை. அதற்குமேல் 3 டெஸிபல் கூடும்தோறும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 94 டெஸிபலுக்கு ஒரு மணி நேரம்தான். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் அந்த எல்லை தாண்டிவிட்டது என்று உத்தேசமாகக் கொள்ளலாம். காதில் பஞ்சு வைப்பது போதாது; அதற்கென்று செய்த அடைப்பானோ மூடியோ வேண்டும். இரைச்சல் மிகுந்த பட்டறையில் வேலை செய்கிறவர் ஒவ்வொருவரும், வருஷத்துக்கு ஒரு முறையாவது செவியைச் சோதித்துக்கொள்வது நலம். தவுல் வித்வான்களுக்கும் நாயன வித்வான்களுக்கும், திருவிழாவில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் தகப்பன்மார்களுக்கும் இது பொருந்தும்.

என் தகப்பனாருக்குச் செவிக்கருவி வாங்கிக் கொடுத்தோம். முதல் நாள், குக்கர் விசில் அடித்ததும் துள்ளி எழுந்து, "இவ்வளவு நாளா இந்த வீட்டுல இப்படியா கத்திக்கிட்டிருந்தது?" என்று கேட்டார். ஒரு கலியாண வீட்டில் நாயனக் கச்சேரிக்கும் அழைத்துப் போனேன். கவனமாகக் கேட்டார். "வாசிக்கிறார். ஆனா தகரக் குழாயில வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். கருவி ஒலியைத்தான் பெரிதாக்கும். இறந்த அணுவை எழுப்பாது.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் வெகு நேரம் பேசாமல் வந்தார். பிறகு சொன்னார்: "உன் பள்ளிக்கூடத்துப் பசங்க பாதிப் பேர் பட்டறைக்கும் துறைமுகத்துக்கும்தானே போகப்போறாங்க? அவங்ககிட்ட சொல்லு. எனக்கும் ஒருத்தர் ரப்பர் அடைப்பான் குடுத்தாரு. போட்டா கூட வேலை செய்யறவன் சிரிப்பான்னு டப்பாவுலேயே வெச்சிருந்தேன்."

மறுநாள் காலை முதல் வகுப்பில் ஒலியியல் பாடத்தை அங்கிருந்தே ஆரம்பித்தேன்.